சுண்ணாம்பும் செம்மண்ணும்

நுழையும்முன்

வீட்டை அழகுபடுத்துதல் என்றால் பொருள்களை வாங்கி மாட்டுதல் என்னும் எண்ணம் இன்று பரவியிருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன்புவரை தமிழகத்துச் சிற்றூர்களில் அது வீட்டார் தம் கையால் ஆண்டுதோறும் செய்த வேலை. சுண்ணாம்பு, செம்மண், அரிசிமாவு, மாவிலை ஆகிய நான்குமே அதற்குப் பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. முதன்முறையாகக் கை வைக்கும் ஒருவர் அப்பொருள்களை எவ்வாறு கையாளலாம் என்பதையும், அவற்றின் இயல்பு என்ன என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

போகிக்கு முந்திய வாரம்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே வீட்டுச் சாமான்கள் முற்றத்திற்கு வந்துவிடும். பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்கள் புளிபோட்டு விளக்கப்படும். ஒட்டடைக் கம்பு மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து திரும்பும். திண்ணையோரத்தில் ஒரு பெரிய பானையில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அடுப்பின்றியே அது கொதிப்பதைச் சிறுவர்கள் எட்ட நின்று வியப்புடன் பார்ப்பர். பெரியவர்கள் மட்டை பிடிக்க, பிள்ளைகள் வாளி சுமக்க, இரண்டு மூன்று நாளில் வீடு வெளுத்துவிடும். அதன் பிறகு சுவரின் அடிப்பகுதியில் செம்மண் பட்டை, வாசலில் கோலம், நிலையில் மாவிலைத் தோரணம் என்று வேலை ஒவ்வொன்றாக முடியும்.

சிமெண்டுச் சுவர்களும் நெகிழிப் பசை கலந்த வண்ணப்பூச்சுகளும் பரவிய பின்பு இவ்வழக்கம் சுருங்கியது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் வைத்து வண்ணம் அடித்தால் போதும் என்பது வசதிதான். ஆண்டுதோறும் சாமான்களை வெளியே எடுத்து அடுக்கும் உழைப்பு மிச்சமாவதை யாரும் குறை சொல்ல முடியாது. இழப்பு வேறோரிடத்தில் நேர்ந்தது. மண்சுவரும் சுண்ணச்சாந்துச் சுவரும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின்மேலும் புதிய வண்ணம் பூசப்படுகிறது. இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, சாந்தையும் பெயர்த்துக்கொண்டு உதிர்கிறது. வீட்டார் சுவரைப் பழிக்கின்றனர். சிலர் வீட்டையே இடித்துவிடுகின்றனர். பிழை பெரும்பாலும் சுவரில் இல்லை. எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு என்னும் அறிவு கைமாறாமல் போனதே காரணம்.

தண்ணீர் சொல்லும் விடை

அலங்கார வேலை பழகத் தொடங்கும் ஒருவர் வீட்டின் முகப்பில் கை வைக்காமல் இருப்பது நன்று. கொல்லைப்புறச் சுவர், சுற்றுச்சுவரின் உட்பக்கம், மாடிப்படியின் அடிப்பகுதி ஆகியவை பழகுவதற்கு ஏற்றவை. பத்தடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள ஒரு சுவர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை. வாடகை வீடாயின் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

சுவரைத் தேர்ந்தெடுத்ததும் அதைச் சோதிக்க வேண்டும். கையளவு தண்ணீரைச் சுவரின்மேல் தெளித்துச் சற்றுப் பொறுத்தால் போதும். தண்ணீரைச் சுவர் உறிஞ்சிக் கருத்தால், அதில் சுண்ணாம்பு பிடிக்கும். முத்து முத்தாகத் திரண்டு கீழே வழிந்தால் பிடிக்காது. மண்சுவர், சுண்ணச்சாந்துச் சுவர், வண்ணம் காணாத சிமெண்டுப் பூச்சுச் சுவர் ஆகியவை முதல் வகையைச் சேரும். நெகிழிப் பசையுள்ள வண்ணம் பூசப்பட்ட சுவர் இரண்டாம் வகை. அதன்மேல் சுண்ணாம்பு அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாக விழும். பழைய வண்ணத்தை முழுவதும் சுரண்டி எடுத்தாலன்றி அச்சுவரில் வெள்ளையடிக்க முயல்வது வீண்.

பழைய வீடுகளில் வண்ணம் கொப்புளம் எழுப்புவதன் காரணமும் இச்சோதனையில் அடங்கியிருக்கிறது. தரையிலிருந்து ஈரம் மெல்லச் சுவரில் ஏறுகிறது; மழையும் வெளியிலிருந்து நனைக்கிறது. நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சின் வழியே அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தர்கள் சொல்வது இதனைத்தான். துளைகளை நெகிழிப் படலம் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. அதனுடன் வந்த உப்புகள் படலத்தின் பின்னால் படிந்து, அதைத் தள்ளிப் பெயர்க்கின்றன.

கல் திரும்பவும் கல்லாதல்

சுண்ணாம்பு அடித்தலை வண்ணம் பூசுதல் என்று சொல்வது முழுவதும் பொருந்தாது. மெல்லிய கல் ஒன்றைச் சுவரின்மேல் விளைவிக்கும் செயல் அது. மேல்நிலை வேதியியல் பயில்வோர்க்கு இதன் கணக்கு எளிதில் விளங்கும்.

சுண்ணாம்புக்கல்லும் கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசு வெப்பத்தில் அவற்றைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 100 கிராம் தூய கல்லிலிருந்து 44 கிராம் வளி பிரிந்து, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. உருவில் கல்லைப் போலவே தோன்றினும் எடையில் பாதிக்குச் சற்றே மேல் என்பதால், சுட்ட கல்லைக் கையில் எடுப்பவர் அது இலேசாக இருப்பதை உணர்வர். இதனுடன் 18 கிராம் நீர் சேரும்போது கடும் வெப்பம் எழுந்து 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு உண்டாகிறது. சுவரில் பூசப்பட்ட பின், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சிறிது சிறிதாக உட்கொள்கிறது, நீரை விடுகிறது, மீண்டும் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டாகிறது. காளவாயில் இழந்த 44 கிராமும் சுவரில் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இந்தக் கடைசி மாற்றம் ஒரு நாளில் முடிவதில்லை. தொட்டால் ஒட்டாத அளவிற்குப் பூச்சு சில மணி நேரத்தில் காயும். அது கல்லாக இறுகுவதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். அதற்குச் சிறிது ஈரமும் தேவை. உச்சிவெயிலில் அடித்த சுண்ணாம்பு தேய்த்தால் மாவாக உதிர்வது இதனாலேயே. நீர் விரைந்து ஆவியாகிவிடுவதால் அது கல்லாவதற்குள் வெறும் தூளாக நின்றுவிடுகிறது.

இப்பொருளைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அரண்மனையில் வெள்ளிபோல் ஒளிவிடும் சுதை பூசப்பெற்றிருந்ததையும், நெடிய சுவரில் பல பூக்கள் கொண்ட கொடியொன்று எழுதப்பட்டிருந்ததையும் நெடுநல்வாடை காட்டுகிறது. கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லப்பாகையும் சேர்த்துச் சாந்து அரைக்கும் முறை கொத்தர்களிடம் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் சாந்தைப் பல அடுக்காகப் பூசி, மேலடுக்கில் முட்டையின் வெண்கருவும் கலந்து, கண்ணாடிபோல் இழைத்தனர். அவையெல்லாம் தேர்ந்த கைகளின் வேலை. பழகுபவர் அவற்றில் இறங்க வேண்டியதில்லை. வாளியும் மட்டையும் அவருக்குப் போதும்.

நீற்றுதல்

சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றுவது ஒரு வழி. நீற்றிய தூளாகவே கடையில் வாங்கிக் கரைப்பது மற்றொரு வழி. முதன்முறை செய்பவர், அதிலும் பெரியவர் எவரும் அருகில் இல்லாதவர், இரண்டாவது வழியையே மேற்கொள்ள வேண்டும். பூச்சின் தரத்தில் சிறிது குறையலாம். ஆனால் கண்ணுக்கு ஆபத்துக் குறைவு.

வீட்டில் நீற்றுவதாயின் மண்பானையோ இரும்புத் தொட்டியோ வேண்டும். நெகிழி வாளி வெப்பத்தில் நெளிந்துவிடும். 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான அளவு. முதலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, அதில் கட்டிகளை ஒவ்வொன்றாக மெல்ல இறக்க வேண்டும். கட்டிகளைக் குவித்துவைத்து அவற்றின்மேல் சிறிதளவு தண்ணீரை ஊற்றினால் அவை சீறித் தெறிக்கும். இறக்கியவுடன் பின்வாங்கிவிட வேண்டும். சற்று நேரத்தில் கட்டிகள் வெடித்துப் பிளந்து, நீர் கொதித்து ஆவி எழும். நீண்ட கம்பால் அவ்வப்போது கிளற வேண்டும். கொதிப்பு அடங்கிய பின்பு ஒரு நாளேனும் அப்படியே ஊறவிட வேண்டும். ஊறாத கட்டி ஒன்று பூச்சில் கலந்துவிட்டால், சுவரில் ஏறிய பிறகு அது நீறிப் பருத்து, அந்த இடத்தைப் பொரித்துத் தள்ளும்.

நீற்றிய சுண்ணாம்பும் தீங்கற்றதன்று. அதன் கரைசல் கடுங்காரத்தன்மை உடையது. அமிலகாரக் குறியீடு 12ஐத் தாண்டும். வெற்றிலையில் சற்றுக் கூடுதலாகத் தடவினாலே நாக்கு வெந்துபோவதை அனைவரும் அறிவர். தோலைவிடக் கண் மென்மையானது. தலைக்கு மேலே மட்டை ஓட்டும்போது துளி கண்ணில் விழ வாய்ப்புண்டு. எனவே கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியன இன்றியமையாதவை. துளி கண்ணில் பட்டுவிட்டால் கசக்கக்கூடாது. இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஓடும் நல்ல தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவிய பின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். எரிச்சல் குறைந்துவிட்டது என்று வீட்டில் தங்கிவிடுவது தவறு. பூச்சு வேலை நடக்கும் இடத்தில் தவழும் குழந்தைகளை விடலாகாது.

ஊறிய சுண்ணாம்பைச் சாக்குத் துணியில் வடிகட்ட வேண்டும். கிடைக்கும் குழம்பில் தண்ணீர் சேர்த்துப் பால்போல் கரைத்துக்கொள்ள வேண்டும். தயிர்போல் கெட்டியாக இருந்தால் ஒரே பூச்சில் வெளுத்துவிடும் என்று தோன்றும். புதிதாகச் செய்வோர் அனைவரும் இந்த ஆசைக்கு ஒருமுறை இடம் கொடுப்பர். கெட்டியாகப் பூசியது காயும்போது வெடித்து உதிரும். சோறு வடித்த கஞ்சியைச் சிறிது கலந்தால் பூச்சு கையில் ஒட்டாது. சிலர் பசை காய்ச்சிச் சேர்ப்பர்.

மட்டை போகும் திசை

பழங்காலத்து மட்டை விலை கொடுத்து வாங்கப்பட்டதன்று. தாழை விழுதை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, ஊறவைத்து, ஒரு முனையைக் கல்லில் நசுக்கினால் நார் பிரிந்து மட்டை உருவாகும். பனைத் தும்பைக் கட்டியும் மட்டை செய்தனர். இன்று கடைகளில் கிடைக்கும் அகலமான நார்மட்டை போதும். மெல்லிய மயிர்த்தூரிகைகளைக் காரம் அரித்துவிடும்.

சுவரில் உதிரும் பகுதியைச் சுரண்டி, வெடிப்புகளைச் சாந்தால் அடைத்து, தூசியைத் துடைத்தபின் சுவரை நனைக்க வேண்டும். இந்த ஒன்றைத் தவிர்ப்பவர்களின் வேலையே பெரும்பாலும் கெடுகிறது. காய்ந்த சுவர் பூச்சிலுள்ள நீரை ஒரே இழுப்பில் குடித்துவிடும், சுண்ணாம்பு இறுகாது. நீர் சொட்டாமல், ஆனால் தொட்டால் குளிர்ச்சி தெரியும் அளவிற்குச் சுவர் நனைந்திருக்க வேண்டும். வேலைக்கு ஏற்றது காலைப்பொழுது. மேற்குப் பார்த்த சுவரானால் முற்பகலிலும், கிழக்குப் பார்த்த சுவரானால் பிற்பகலிலும் நிழல் இருக்கும்.

மட்டையை மேலிருந்து கீழாக ஒரு முறையும், அதே தடத்தில் கீழிருந்து மேலாக ஒரு முறையும் இழுக்க வேண்டும். அது காய்வதற்குள் வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் ஓட்ட வேண்டும். நான்கு திசையிலும் மட்டை போனபின் ஒரு பூச்சு முடிந்ததாகக் கொள்ளலாம். புதுச்சுவருக்கு மூன்று பூச்சும், முன்பே வெள்ளை கண்ட சுவருக்கு ஒன்றோ இரண்டோ பூச்சும் வேண்டும். ஒவ்வொன்றும் நன்கு காய்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். வாளியின் அடியில் சுண்ணாம்பு படிந்துவிடும் ஆதலால், மட்டையைத் தோய்க்கும்போதெல்லாம் ஒரு கலக்குக் கலக்குவது நல்லது.

முதல் பூச்சு முடிந்ததும் சுவரைப் பார்ப்பவர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். நனைந்த சுண்ணாம்பு பெரும்பாலும் ஒளியை ஊடுருவ விடுவதால், பழைய கறைகள் அப்படியே தெரியும். தண்ணீரைத்தான் பூசினோமோ என்னும் ஐயம் எழும். உடனே அதன்மேல் இன்னொரு முறை அள்ளிப் பூசக் கை பரபரக்கும். அந்நேரத்தில் மட்டையை வாளியில் வைத்துவிட்டு அப்பால் போய்விடுவதே செய்யத்தக்கது. மாலையில் திரும்பிப் பார்க்கும்போது, கறையிருந்த இடங்கள் மங்கிச் சுவர் வெளுக்கத் தொடங்கியிருக்கும். மூன்றாம் பூச்சு காய்ந்த மறுநாள் காலையில் அந்த வெண்மை முழுமை பெறும்.

வெள்ளை சற்றே பழுப்பாகத் தோன்றினால், கடைசிப் பூச்சில் துணிக்குப் போடும் நீலத்தூள் ஒரு சிட்டிகை சேர்ப்பதுண்டு. மஞ்சள் சாயலை நீலம் மறைத்துக் கண்ணுக்கு வெண்மையைக் கூட்டுகிறது. ஒரு சிட்டிகை என்பது இங்கே முக்கியம். கைப்பிடி நீலம் போட்டு, ஆண்டு முழுவதும் வானத்து நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளும் உண்டு.

மஞ்சள் சிவந்த கதை

வெள்ளை பழகியவர்க்கு அடுத்து நிறத்தின்மேல் விருப்பம் செல்லும். வீட்டில் எப்போதும் இருக்கும் மஞ்சள்தூளைச் சுண்ணாம்பில் கலந்தால் இளமஞ்சள் சுவர் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. கலந்த நொடியிலேயே வாளியிலுள்ளது செக்கச்சிவந்துவிடும். ஆலம் சுற்றுவதற்குத் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துச் செந்நீர் ஆக்குவது இந்தப் பண்பைக் கொண்டுதான். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தில் சிவக்கிறது. சிவந்தபடியேனும் நிலைத்து நிற்குமா என்றால் அதுவுமில்லை. வெயில் பட்டால் அது வெளிறிப்போகும். தாவரச் சாயங்கள் பல இவ்வாறே சுண்ணாம்பின் காரத்திற்கு ஈடுகொடுப்பதில்லை.

மண்ணிலிருந்து வரும் நிறங்கள் ஈடுகொடுக்கும். காவிக்கல், மஞ்சள்காவி, செம்மண் ஆகியவற்றின் நிறம் இரும்புச் சேர்மங்களால் ஆனது. காரமோ வெயிலோ அதை எளிதில் மாற்றுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில், 11ஆம் நூற்றாண்டுச் சோழர் ஓவியங்கள் சுண்ணச்சாந்தின்மேல் தீட்டப்பெற்றிருக்கின்றன. அவற்றின்மீது பிற்காலத்தில் வேறு ஓவியங்கள் எழுதப்பட்டமையால் அவை மறைந்து கிடந்தன. 1931ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்தபோது, செந்நிறமும் மஞ்சளும் தெளிவாகவே இருந்தன. மண்நிறமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அச்சுவர்கள் சான்று.

வீட்டுச் சுவருக்கு இவ்வளவு நெடிய நோக்கம் வேண்டியதில்லை. அடிச்சுவரில் ஒன்றரை அடி உயரத்திற்குக் காவிப்பட்டை இட்டால் மழையில் தெறிக்கும் சேறு கண்ணை உறுத்தாது. அழகும் பயனும் ஒன்றாகவே அமைந்த ஏற்பாடு அது. காவித்தூளைத் தனியே ஒரு நாள் நீரில் ஊறவைத்து வடிகட்டிய பிறகே சுண்ணாம்புக் கரைசலில் சேர்க்க வேண்டும். தூளை நேரே கொட்டினால் சுவரில் கோடு கோடாகத் தெரியும். ஈரத்தில் காணும் நிறம் காய்ந்தபின் பெரிதும் வெளிறும் ஆதலால், ஒரு செங்கல்லின்மேல் பூசிக் காயவைத்துப் பார்த்து அளவை முடிவு செய்யலாம். பட்டையின் மேல்விளிம்பை நேராக வைப்பதற்குக் கொத்தரின் முறை ஒன்று உண்டு. கரித்தூளில் தோய்த்த நூலை இரு முனைகளிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால், சுவரில் நேர்கோடு விழும்.

தரையில் ஒரு கணக்கு

சுவர் ஆண்டுக்கு ஒருமுறை என்றால் வாசல் நாளுக்கு ஒருமுறை. வெள்ளையடித்தல் ஆண்களின் வேலை, கோலம் பெண்களின் வேலை என்று ஒரு பிரிவினை வீடுகளில் நிலவியது. பொருளின் இயல்பில் அப்படி ஒரு பிரிவினையும் இல்லை. இரண்டு வேலையிலும் வேண்டியது ஒரே வகையான கைப்பொறுமை. கோலம் பழகாத மாணவன் தன் சகோதரியிடம் அதைக் கற்றுக்கொள்ளலாம். மட்டை பிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

பொடிக்கோலத்தில் மாவைச் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையே பிடித்து, இரண்டு விரலையும் மெல்ல உரசி விட வேண்டும். கை தரையைத் தொடாமல், இரண்டு விரற்கடை உயரத்தில் நகர்ந்தால் இழை ஒரே பருமனில் விழும். அரிசிமாவில் இட்டால் எறும்புக்கும் அணிலுக்கும் உணவாகும். கல்மாவு வெளுப்பாகத் தெரியும். கையில் எளிதாக வழுக்கும். பழகும் வரை கல்மாவில் இட்டு, கை நிதானப்பட்ட பின் அரிசிமாவுக்கு மாறுவோர் உண்டு.

தொடங்குவதற்குச் சிக்குக்கோலம் கடினம் என்று பலர் அஞ்சுவர். அதன் விதி எளியது. புள்ளிகளை வரிசையாக இட வேண்டும். இழை எந்தப் புள்ளியின் மேலும் செல்லாமல், ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துச் சென்று, தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். ஓரத்திற்கு வந்ததும் வளைந்து திரும்பும். நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, நடுவே எவ்விடத்திலும் திரும்பாமல் இவ்வாறு இழைத்தால், எத்தனை இழையில் கோலம் முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழைகள் வரும். 3 புள்ளி 4 வரிசை என்றால் ஒரே இழையில் முடிந்துவிடும். 3 புள்ளி 3 வரிசைக்கு மூன்று இழைகள் வேண்டும். 4 புள்ளி 6 வரிசைக்கு இரண்டு. வரைதாளில் பென்சிலால் வரைந்து பார்ப்பவர் இதனைத் தாமே உறுதிசெய்துகொள்ளலாம்.

கோலத்தில் உறையும் இத்தகைய ஒழுங்கு அறிஞர்களையும் ஈர்த்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து, கோலங்களைக் கணினி மொழியியலின் இலக்கண விதிகளால் விவரிக்கும் ஆய்வுக்கட்டுரையை 1974இல் வெளியிட்டார். வாசலில் குனிந்து நின்று பாட்டிமார் வழிவழியாக இட்ட இழைகள் கணினியியலின் பொருளாயின.

மாக்கோலம் இன்னும் எளியது. ஆனால் அவசரக்காரர்க்கு உகந்ததன்று. பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்து நீர்க்கக் கரைத்துக்கொள்ள வேண்டும். சிறு துணியை அதில் நனைத்துக் கைக்குள் வைத்து மெல்லப் பிழிந்தால், மோதிரவிரல் வழியாக மாவு இறங்கும். இடும்போது இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. போன தடம் தெரியவில்லையே என்று அதன்மேல் மறுபடி விரலை ஓட்டினால், காய்ந்தபின் அவ்விடம் தடித்துக் காணும். ஈரத்தில் ஒளிந்து காய்ந்தபின் வெளிப்படும் இந்தப் பண்பில், அரைத்த அரிசியும் நீற்றிய சுண்ணாம்பும் ஒன்றே. கோலம் காய்ந்ததும் அதன் ஓரத்தைக் கரைத்த செம்மண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினால் வெள்ளை எடுப்பாகத் தெரியும்.

ஒட்டுக்கோலங்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. மூட்டுவலியால் குனிய முடியாதவர்க்கு அவை உதவக்கூடும். ஏனையோர்க்கு அவை ஓராண்டு முழுவதும் ஒரே கோலத்தைக் காட்டிக்கொண்டிருப்பவை; அவ்வளவே.

நிலையின் மேல்

தோரணத்திற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஒரே அளவான முற்றிய மாவிலைகளைத் துடைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றை நிலையின் அகலத்தைவிட ஒரு முழம் கூடுதலாக வெட்டிக்கொண்டு, இலையின் காம்புப் பகுதியைக் கயிற்றின்மேல் மடித்து, தென்னை ஈர்க்கின் சிறு துண்டால் தைத்தால் இலை தொங்கும். இளந்தளிர் அரை நாளில் துவண்டுவிடும். முற்றிய இலை பச்சை மாறிய பின்னும் உருக்குலையாமல் நிற்கும். இரண்டு மாவிலைக்கு ஒன்றாகத் தென்னங்குருத்தில் மடித்த கிளியோ பூவோ இடையிடையே வைக்கலாம். குருத்தோலை மடிப்பைச் சொல்லால் கற்பிக்க இயலாது. திருவிழாக் காலங்களில் பந்தல் கட்டுபவரின் அருகே அரை மணி நேரம் அமர்ந்திருந்தால் அது கைக்கு வந்துவிடும்.

பானையில் எஞ்சியது

ஒரு சுவருக்கு இரண்டு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீற்றியவர்க்குப் பானையின் அடியில் சிறிது மிஞ்சும். அதைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. குழாயில் இறுகிக் கல்லாகிவிடும். சுண்ணாம்புக் குழம்பின்மேல் எப்போதும் நான்கு விரற்கடைத் தண்ணீர் நிற்குமாறு ஊற்றி, பானையின் வாயை இறுக மூடி, குழந்தைகளின் கைக்கு எட்டாத மூலையில் வைத்துவிடலாம். நீருக்கடியில் காற்றுப் படாததால் அது இறுகுவதில்லை. நாள் செல்லச்செல்ல எஞ்சிய பொடிக்கட்டிகளும் நீறி, குழம்பு வெண்ணெய்போல் மென்மையாகிறது. பழைய கொத்தர்கள் புதுச் சுண்ணாம்பைவிட இதையே விரும்பினர். தண்ணீர் குறைகிறதா என்று மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டால், அடுத்த போகிக்கு முந்திய வாரத்தில் கரைசல் ஆயத்தமாக இருக்கும்.